கணவருக்கான தள்ளுபடி

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பி தராசுக்கு,

இங்கே நானும் வீடும் காரும் நலம். அங்கே நீயும் உன் முதுகுவலியும் எப்படி?

நம் குடும்ப வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவை இன்று எடுத்திருக்கிறேன். பள்ளி பஸ்ஸின் காலை நடையை ஓட்டி முடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தேன். கதவைத் தாழிட்டுக்கொண்டு எல்லாப் பக்கமும் யோசித்தேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் முடிவுக்கு வந்தேன். இன்சூரன்ஸ் கம்பெனி ஆண்டுதோறும் அனுப்பும் புதுப்பிப்புக் கடிதத்தை இனிமேல் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு படிப்பது.

இதுவரை அந்தக் கடிதத்தைப் பிரிப்பது உன் அத்தான் வேலை. பிரிப்பார், பெருமூச்சு விடுவார், பணத்தைக் கட்டுவார். பெருமூச்சின் நீளத்தை வைத்து இந்த வருஷம் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று நான் தெரிந்துகொள்வேன். கண்ணாடி போட்டுப் பார்த்ததில், வீட்டுக்குப் பதினெட்டு சதவீதம் ஏறியிருக்கிறது, காருக்குப் பன்னிரண்டு. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. காருக்கு ஒரு வயது கூடியிருக்கிறது. வயது கூடினால் மதிப்புக் குறையும் என்று இத்தனை நாள் எல்லாரும் என்னிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கார் மட்டும் விதிவிலக்கா?

எங்கள் பஸ் மெக்கானிக் ஆற்றுக்கு அக்கரையில், அடுத்த மாநிலத்தில் குடியிருக்கிறான். அதே கார், அதே கம்பெனி, பாதிப் பணம். "பேசாம பாலத்தைத் தாண்டி வந்துடுங்கக்கா"ன்னு சொல்கிறான். நான் தாண்டிவிடுவேன், வீட்டை யார் தூக்கிக்கொண்டு வருவது?

அந்தக் கம்பெனியில் விலை போடுகிற நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் நீ. விளக்கு. போனில் வேண்டாம். போனில் கேட்டால் "அக்கா, ஒரு மீட்டிங்" என்று ஓடிவிடுவாய். காகிதத்தில் ஓட முடியாது.

அன்புடன்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகு தன் கடமையைச் செய்கிறது.

உன் கேள்விக்கு ஒரு பக்கம் பார்த்தால் எளிய பதில் இருக்கிறது, மறுபக்கம் பார்த்தால் இல்லை. (சிரிக்காதே. தராசு என்று பெயர் வைத்தவர்கள் நீங்கள்தான்.)

இன்சூரன்ஸ் விலையை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியாக அனுமதிக்கிறது. உன் மாநிலத்தில் மூன்று ஆண்டுகளாக ஆலங்கட்டி மழை கூரைகளை உடைக்கிறது. கூரை மாற்றுகிறவர்கள் கூலியை ஏற்றிவிட்டார்கள். கார் கண்ணாடிக்குள் இப்போது கேமரா இருப்பதால், ஒரு கல் பட்டால் கண்ணாடியோடு கேமராவுக்கும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோம். வழக்கு போடுகிறவர்களும் உன் பக்கத்தில் அதிகம். ஆற்றுக்கு அக்கரையிலும் அதே மழைதான். ஆனால் அங்கே விலை ஏற்ற அனுமதி கேட்டால் அதிகாரிகள் கேள்வி கேட்கிறார்கள். உங்கள் அதிகாரிகள் முத்திரை குத்துகிறார்கள்.

இது மாநிலக் கணக்கு. அதற்கு மேல் ஆள் கணக்கு: கூரையின் வயது, தீயணைப்பு நிலையம் எவ்வளவு தூரம், கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா, வீட்டில் யார் யார் ஓட்டுகிறார்கள், இப்படி. உங்களுக்கு வீட்டு பாலிசியும் கார் பாலிசியும் ஒரே கம்பெனியில் இருப்பதால் ஒரு தள்ளுபடி, தம்பதியாக இருப்பதால் இன்னொன்று. இரண்டும் இல்லாவிட்டால் கண்ணாடி போடாமலேயே தெரிகிற அளவுக்குத் தொகை பெரிதாக இருந்திருக்கும்.

அத்தானுக்கு என் வணக்கம். பெருமூச்சைக் குறைத்துக்கொள்ளச் சொல், இதயத்துக்கு நல்லதல்ல.

தம்பி


மார்ச் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். "எல்லாரும்" என்பது பழக்கத்தில் எழுதுவது.

என் வீட்டுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் நடுவே இருப்பது ஒரு முடிதிருத்தும் கடை மட்டும். தீப்பிடித்தால் வண்டியை எடுக்கவே வேண்டாம், குழாயை நீட்டினால் போதும். அதற்கு என்ன தள்ளுபடி கொடுத்திருக்கிறீர்கள் என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அது போகட்டும். என்னோடு பஸ் ஓட்டுகிற ஒருத்தி, பெயர் எதற்கு, உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னாள். அவள் புருஷன் கொஞ்ச நாளாக வீட்டில் இல்லை. சண்டையெல்லாம் இல்லையாம். "கொஞ்சம் தனியா இருந்து பார்க்கறேன்"னு சொல்லிவிட்டு, ஏணியையும் ஒரு தலையணையையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். தலையணை புரிகிறது. ஏணி எதற்கு என்று அவளுக்கு இன்னும் விளங்கவில்லை. பாலிசியில் அவர் பெயர் இருக்கிறது. எடுத்துவிட்டால் என்ன ஆகும்? ஓட்டுகிறவர் ஒருவர் குறைவதால் விலை குறையும் என்று நினைக்கிறாள், பாவம்.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு முதுகு காரணமில்லை.

உன் தோழிக்கு: குறையாது, ஏறும். எங்கள் அட்டவணைப்படி, கணவனோடு வாழ்கிறவர்களைவிடப் பிரிந்து வாழ்கிறவர்கள் அதிகம் மோதுகிறார்கள். ஆகவே காருக்குக் கூடுதல் கட்டணம். வீட்டுக்குத் தம்பதித் தள்ளுபடி போகும். கட்டாமல் விட்டுவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வீட்டுக் கடன் கொடுத்த பேங்க் சும்மா இருக்காது. தானே ஒரு பாலிசியை எடுத்து, மூன்று மடங்கு விலையை அவள் தலையில் வைத்துவிடும்.

ஒரு பக்கம் பார்த்தால் அவள் உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். மறுபக்கம் பார்த்தால், ஒருவர் ஏணியோடு போயிருக்கிறார் என்றால் ஏணியோடு திரும்பியும் வரலாம்.

அவள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாளா? உன் தோழியைக் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 11

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிடுகிறாள். முன்பைவிட நன்றாக. ஒருவருக்குச் சமைப்பது சீக்கிரம் முடிகிறது.

உங்கள் கம்பெனியிலிருந்து கூரையைப் பார்க்க ஒரு பையன் வந்திருந்தான். கழுத்தில் அட்டை, கையில் டேப்லெட். இப்படி வருகிறவர்கள் கூரையை ஒரு தடவை பார்த்துவிட்டு வாசலில் கிடக்கும் செருப்பை இரண்டு தடவை எண்ணுவார்கள் என்று மெக்கானிக் முன்பே எச்சரித்திருந்தான். தோழிக்கு உதவுமே என்று ஒரு சோதனை செய்தேன். முடிதிருத்தும் கடைக்காரரிடம் போய் அவர் செருப்பை இரவல் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார். "சும்மா, வாசல்ல கொஞ்ச நேரம் கிடக்கட்டும்"னேன். நல்ல மனுஷர், மேற்கொண்டு கேட்கவில்லை.

பையன் கேட்டான்:

"சார் இல்லைங்களா?"

"வெளியே போயிருக்கார்."

"எப்ப வருவார்?"

"சொல்லிட்டுப் போற பழக்கம் அவருக்கு இல்லை."

"ஆனா வருவார்ல?"

"ஏன் தம்பி, நீங்க கூரையைப் பார்க்க வந்தீங்களா, மாப்பிள்ளை பார்க்க வந்தீங்களா?"

பையன் காது சிவந்துவிட்டது. செருப்பைப் பார்த்தான், டேப்லெட்டில் ஏதோ தட்டினான், போய்விட்டான். கடைக்காரர் அன்று மாலை வரை வெறுங்காலோடு முடி வெட்டினார். வெட்டின முடி உள்ளங்காலில் குத்துகிறது என்று பிறகு வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அன்புடன்,
அக்கா


ஏப்ரல் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வீட்டு வாசல் பற்றிய அறிக்கை என் மேஜைக்கு வந்தது. "ஆண் செருப்பு ஒரு ஜோடி. அதன் மேல் வெள்ளை முடி, கறுப்பு முடி, செம்பட்டை முடி. வீட்டில் குறைந்தது மூன்று ஆண்கள் இருக்கலாம்" என்று எழுதியிருக்கிறான். நன்றாக வருவான். அறிக்கையை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டேன். அடுத்த முறை வந்தால் பல் தேய்க்கும் பிரஷ்களைப் பார்ப்பான். அப்படித்தான் பயிற்சி கொடுக்கிறோம்.

உன் தோழியிடம் சொல். அந்த வீடு ஒருத்திக்குப் பெரிது. விற்றுவிட்டு இந்தப் பக்கம் வந்தால், என் வீட்டில் ஒரு அறை சும்மாதான் இருக்கிறது. பேசக்கூட ஆள் கிடைக்கும். தன் அக்கா என்று நினைத்து ஒருவன் பார்த்துக்கொள்வான்.

தம்பி


மே 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒரு வாரம் உன் கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று யோசித்தேன். பிறகு உனக்கு எழுதுவதற்குப் பதிலாகக் கம்பெனிக்கு எழுதினேன்.

"என் கணவர் என்னோடு வசிக்கவில்லை. பாலிசியிலிருந்து அவர் பெயரை நீக்கவும். வாசலில் இருந்த செருப்பு அடுத்த கடைக்காரருடையது." இவ்வளவுதான். கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் மதிய நடைக்குப் பஸ்ஸை எடுத்தேன். நாற்பது பிள்ளைகள் பின்னால் உட்கார்ந்து கத்துகிறார்கள், இருபத்திரண்டு வருஷமாக ஒரு கீறல் கிடையாது. எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியும் என்பதற்கு அடுத்தவர் செருப்பு சாட்சியா? போதும் என்று தோன்றிவிட்டது.

நீ சொன்னபடியே ஏறியது. ஒரு சம்பளத்தில் கடனையும் இதையும் கட்டிவிடலாம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. இன்னொரு தடவை ஏறினால் முடியாது, வீட்டை விற்க வேண்டியதுதான். ஏற்றப்போகிறீர்கள் என்றும் தெரிகிறது. பிரிந்து வாழ்கிறவர்களுக்கு உள்ள கூடுதல் கட்டணத்தை இரண்டு மடங்காக்க உங்கள் கம்பெனி அனுமதி கேட்டிருக்கிறதாம். ஜூன் இருபதாம் தேதி எங்கள் ஊர் நகர மன்றத்தில் பொது விசாரணை. யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். யாரும் படிக்கக் கூடாது என்கிற உயரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். பஸ்ஸின் மேல் ஏறிப் படித்தேன்.

நான் போகிறேன். விற்பதற்கு இல்லை என் வீடு. உன் அறையை வாடகைக்கு விடு.

கம்பெனி சார்பில் பதில் சொல்ல யார் வருகிறார்கள்?

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். இங்கே மழை.

இருபதாம் தேதி எனக்கு வெளியூர் வேலை இருக்கிறது.

தம்பி


ஜூலை 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. நலம்தானே?

விசாரணையின் தட்டச்சுப் பிரதி இன்று எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. பேசியதைப் பேசியபடியே எடுத்திருக்கிறார்கள். மேலாளர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட பகுதியைப் படி எடுத்து அனுப்புகிறேன். நீயும் அங்கே இருந்தாய், தெரியும். இருந்தாலும் வைத்துக்கொள்.

பஸ் ஓட்டுநர்: ஐயா, நான் போன வருஷத்தைவிட இந்த வருஷம் மோசமா ஓட்டறேனா?

கம்பெனி அதிகாரி: அம்மா, இது தனி ஆளைப் பத்தின கணக்கு இல்லைங்க. ஒரு வகைக்கான கணக்கு.

பஸ் ஓட்டுநர்: என்ன வகை? வெட்கப்படாம சொல்லுங்க.

கம்பெனி அதிகாரி: கணவரைப் பிரிஞ்சு இருக்கிறவங்க.

பஸ் ஓட்டுநர்: அவர் இருந்தப்போ பக்கத்து சீட்டுல உக்காந்து, "லாரி வருது, லாரி வருது"ன்னு கத்திக்கிட்டே வருவார். லாரி அடுத்த தெருவுல போகும். அதுக்குத்தான் இத்தனை வருஷமா தள்ளுபடி குடுத்தீங்களா?

(சிரிப்பு.)

தலைவர்: அமைதி. அம்மா, கேள்விக்கு வாங்க.

பஸ் ஓட்டுநர்: வந்துட்டேங்க. அந்த அட்டவணையை யார் போட்டது?

கம்பெனி அதிகாரி: எங்க அலுவலகம்.

பஸ் ஓட்டுநர்: அலுவலகம்னா கட்டடம். கட்டடத்துக்குக் கணக்கு வருமா?

கம்பெனி அதிகாரி: நான் போட்டதுங்க.

பஸ் ஓட்டுநர்: இந்த மாநிலத்துல எத்தனை பொம்பளைங்க புருஷன் போனதுக்கப்புறம் வண்டியைக் கொண்டுபோய் எங்கே மோதினாங்க? எண்ணிப் பார்த்தீங்களா?

(அதிகாரி தன் முன்னே இருந்த குறிப்பைப் பார்க்கிறார். மூடி வைக்கிறார்.)

கம்பெனி அதிகாரி: இல்லைங்க.

தலைவர்: என்ன இல்லை?

கம்பெனி அதிகாரி: இந்த மாநிலத்துல எண்ணலை. இங்கே எண்ணிக்கை போதலைன்னு ஆத்துக்கு அக்கரையில எடுத்த கணக்கை வாங்கிப் போட்டோம். அதுவும் பழைய கணக்கு. அங்கேயே அதை இப்ப அனுமதிக்கிறதில்லை.

தலைவர்: இது உங்க மனுவுல எழுதலையே?

கம்பெனி அதிகாரி: எழுத வேண்டாம்னு சொன்னாங்க.

(சலசலப்பு.)

பஸ் ஓட்டுநர்: சரிங்க. உங்களுக்குக் கார் ஓட்ட யார் சொல்லிக் குடுத்தது?

கம்பெனி வக்கீல்: இது சம்பந்தமில்லாத கேள்வி.

கம்பெனி அதிகாரி: எங்க அக்கா.

பஸ் ஓட்டுநர்: நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்காங்க. நான் உக்காந்துக்கறேன்.

பிரதி இதோடு முடிகிறது. மேலாளரின் கோடும் இதோடு முடிகிறது.

தம்பி


ஜூலை 10

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. வெளியூர் வேலை என்று எழுதினாயே, அந்த வெளியூர் என் ஊர்தான் என்று படித்த உடனே தெரிந்துவிட்டது. வேறு ஆள் வந்திருந்தால் நீ இரண்டு பக்கம் எழுதியிருப்பாய்.

மேடையில் நீ உட்கார்ந்திருந்ததைப் பார்த்தபோது கேள்வி எழுதிய காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன். எழுதி வைத்த கேள்விகள் எல்லாம் யாரோ ஒருவனுக்காக எழுதியவை. உனக்குச் சுற்றி வளைத்துக் கேட்டால் பிடிக்காது. நேராகக் கேட்டால் நேராகச் சொல்வாய், சிறுவயதிலிருந்தே அப்படி. அதனால்தான் யாரும் உன்னிடம் நேராகக் கேட்பதில்லை.

முடிந்ததும் வக்கீலோடு காரில் ஏறிப் போய்விட்டாய். ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுப் போயிருக்கலாம். கெட்டிலை வைத்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

உத்தரவு நேற்று வந்தது. கூடுதல் கட்டணம் செல்லாதாம். இந்த மாநிலத்தில் பிரிந்து வாழும் யாரிடமும் இனி வாங்கக் கூடாது, வாங்கியதைத் திருப்பித் தர வேண்டும். கொட்டகையில் இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர்கள் வீட்டிலும் ஆள் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் பக்கத்துப் பக்கத்தில் பஸ் நிறுத்துகிறோம்.

கம்பெனி சளைக்கவில்லை. அந்த நஷ்டத்தை ஈடுகட்ட மாநிலத்தில் எல்லாருக்கும் மூன்று சதவீதம் ஏற்றப் புது மனு போட்டிருக்கிறதாம். கடைக்காரர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "நான் செருப்பு குடுத்ததுக்கு எனக்கு இதாம்மா பலன்?" என்று கேட்டார். "அடுத்த விசாரணைக்கு வாங்க, கேட்டுடலாம்"னேன். வருகிறாராம். பள்ளி விடுமுறை நாள், பஸ் காலியாகத்தான் நிற்கும். நாற்பது இருக்கை இருக்கிறது, தெருவையே ஏற்றிக்கொண்டு போகப் போகிறேன்.

வீடு நிற்கிறது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இப்போது நான் கேட்கிறேன், நேராக. உன் வேலை எப்படி இருக்கிறது?

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். முதுகு ஆச்சரியமாக இப்போது வலிப்பதில்லை. நாற்காலியில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்கிறது.

புது மனுவின் நகல் என்னிடம் இல்லை. ஆனால் பதினான்காம் பக்கத்தில் கூரைக் கூலியை இரண்டு முறை கூட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். கடைக்காரர் அதைக் கேட்கட்டும். கேள்வியை எப்படிக் கேட்க வேண்டும் என்று அவருக்கு நேரில் சொல்லிக் கொடுத்தால் நல்லது. கடிதத்தில் விளக்கினால் நீளும்.

உன் வீட்டு மாடி அறையில் சாமான் ஏதாவது போட்டு வைத்திருக்கிறாயா?

தம்பி


செப்டம்பர் 5

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர் அவர்களுக்கு,

தாங்கள் ஆகஸ்ட் 21 அன்று அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதன்படி தங்கள் வாகன பாலிசியில் கூடுதல் ஓட்டுநர் ஒருவர் சேர்க்கப்பட்டுள்ளார். உறவு: தம்பி. முந்தைய தொழில்: காப்பீட்டுக் கட்டண அதிகாரி. தற்போதைய தொழில்: இல்லை.

வேலையில் இல்லாத ஓட்டுநர்களுக்கு உரிய விகிதப்படி தங்கள் பிரீமியம் ஒன்பது சதவீதம் உயர்த்தப்பட்டுள்ளது. புதிய தொகை அக்டோபர் முதல் தேதியிலிருந்து நடைமுறைக்கு வருகிறது.

இப்படிக்கு,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு